சாம்பிராணி மணத்த கையுறைகள்

மகளின் ஐஸ் ஹொக்கிப் பையைத் திறந்ததும் வியர்வையில் ஊறிய கையுறைகள் குப்பென்று நாறின. இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் மாடிவீட்டின் பல்கனி நினைவுக்கு வந்தது. என் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வந்த அப்பா, வீட்டுக்குள் புகை போட்டால் அலாரம் அலறுமென்று அந்தப் பனிக்குளிரில் நின்று, தலைமுழுகிய பிள்ளையின் கூந்தலுக்குப் பிடிப்பதுபோல, ஈரக் கையுறைகளை விரல் விரலாக விரித்துச் சாம்பிராணிப் புகை பிடிப்பார்.

உடைமாற்றும் அறையில் கூட விளையாடிய பிள்ளைகள் அந்த வாசத்துக்கு மூக்கைச் சுளித்துச் சிரித்த அன்று, “என்ர சாமானை இனித் தொடாதேங்கோ அப்பா!” என்று கத்தினேன்.

“ஓம் பிள்ளை, தொடமாட்டன்” என்றார்.

அடுத்த கிழமை என் கையுறைகளும் மற்றவர்களுடையவை போலவே நாறின. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.