மருந்து வந்துரணும்

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நீலக் கட்டம் போட்ட சட்டையுடன் ஒருவர் நின்றிருந்தார். அவரும் போன் பேசத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்து, நான் அவசரமாகப் பேசி முடித்தேன். சாத்தூர் வியாபாரியிடம் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணாச்சி, மருந்து நாளைக்கே வந்துரணும். நாளக்கழிச்சு மந்திரி வாறாரு, ரோட்ட அடைச்சிருவாங்க. அதுக்குள்ள வண்டி உள்ள வந்துட்டா நாங்க வேலைய முடிச்சிருவோம்.”

தீக்குச்சித் தலையில் இருப்பதை எங்கள் ஊரில் மருந்து என்றுதான் சொல்வோம். அஞ்சாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். வரவிருந்த மந்திரியும் ஒரு காலத்தில் அதே ஆபீஸில் என் பக்கத்தில் நின்று குச்சிகளை வரிசையாக அடுக்கிய கட்டைகளை மருந்தில் முக்கி எடுத்தவர்தான். அங்கே சங்கம் ஆரம்பித்தார். பிறகு கட்சி, நகராட்சி, சட்டமன்றம், கடைசியில் டெல்லி. நாட்டின் உள்பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு என்று பேப்பரில் வந்ததை ஆபீஸில் ஒருவர் சத்தமாக வாசித்தபோது, கட்டை அடுக்கும் அக்கா சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. “அவியளா? இங்கன இருக்கயில மேஸ்திரி செருமுனாலே கொல்லப் பக்கம் ஓடுவாகளே! அவிய கண்ணசைச்சா இப்பம் பட்டாளம் வருமாம்லா!”

பட்டாளம் வரவில்லை. போன் பேசிய மறுநாள் நீலச் சட்டைக்காரர்தான் மூன்று பேரோடு ஆபீஸுக்கு வந்தார். ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் என்னை விசாரித்த அதிகாரி வெளியூர்க்காரர். மருந்து யார் கலக்குவது என்று கேட்டார். “நாந்தான் சார்” என்றேன். எத்தனை வருடமாக? “பதினஞ்சு வருசமா.” எங்கே வைத்திருக்கிறாய்? “ஊரு பூரா இருக்கு சார்.” நான் கூச்ச சுபாவக்காரன்; கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வேன். உண்மையைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. உள்ளூர் ஏட்டு குனிந்து, “சார், தீப்பெட்டி மருந்து சார் அது” என்றார். “தீப்பெட்டிக்கு மட்டும்தான் ஆகுமா அது? வெடிக்காதா?” என்று அதிகாரி திருப்பிக் கேட்டார். ஏட்டு பின்னால் நகர்ந்துகொண்டார். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. “மந்திரிக்கு என்னயத் தெரியும் சார். கூட வேல பாத்தவுக.”

மறுநாள் மந்திரி வந்ததும் பயணியர் விடுதி வாசலுக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம்; சொல்லாவிட்டால் என்ன வழக்கு, எத்தனை வருடம் என்று தெரியாது. சுற்றிலும் துப்பாக்கிக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், மாலைகள். அதிகாரி கேட்டார்: “ஐயா, இந்த ஆளைத் தெரியுமா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, கழுவினாலும் போகாத கறை படிந்த என் விரல்களைப் பார்த்தார். அதன்பின் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். “எங்கூட எத்தனையோ பேரு வேல பாத்தாங்க. முறைப்படி விசாரிங்க” என்றார். கார்க் கதவு சாத்திய சத்தம் பெரிதாகக் கேட்டது.

மூன்று நாள் வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று இன்றும் கேட்கிறார்கள். அடிக்கவில்லை. நிற்கவைத்து ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்; கால் இரண்டும் வீங்கிவிட்டன. வெளியே வேப்பமரத்தடியில் மூன்று நாளும் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் முதலாளி லைசென்ஸ் காகிதங்களோடு சாத்தூர் வியாபாரியையும் கூட்டிவந்த பிறகே விட்டார்கள். அதன்பின் சில வருடம் போனில் பேச நாக்கு எழவில்லை. டிவியில் அவர், “சந்தேகம்னு வந்துட்டா யாரா இருந்தாலும் விடமாட்டோம்” என்று பேசினால், எழுந்து வெளியே போய்விடுவேன்.

பிறகு ஆட்சி போனது, பதவி போனது, காவலுக்கு நின்றவர்களும் போனார்கள். ஒரு மத்தியானம் அவர் ஆட்டோவில் வந்து ஆபீஸ் வாசலில் தனியாக இறங்கினார். தலை நரைத்திருந்தது. கட்டை அடுக்கும் அக்கா முக்காலி போட்டாள். அதை நகர்த்தி, வாசலைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு லாரி ஹாரன் அடித்ததற்குத் தோள் துடித்தது.

“அன்னைக்கு ஒன்னய நல்லாத் தெரிஞ்சிதுலே” என்றார். “தெரியும்னு சொல்லிருந்தா, குண்டு வச்சவன மந்திரியே காப்பாத்துனாருன்னு பேப்பர்காரன் எழுதிருவான்னு பயந்துட்டேன். அந்த நாக்காலில ஒரு நாளுகூட பயமில்லாம உக்காரல. கோவமாலே?”

பாவம் என்று தோன்றியது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“கோவந்தான் அண்ணாச்சி” என்று வந்தது.

தலையை ஆட்டிக்கொண்டார். அக்கா கொடுத்த டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு எழுந்தார்.

போன மாதம் அவர் இறந்தார். நினைவு மலருக்காக, கூட வேலை பார்த்தவன் நீ, நாலு நல்ல வார்த்தை எழுது என்று கட்சிக்காரர்கள் கேட்டார்கள். கோபமா என்று தேடிவந்து கேட்டார் என்பதே அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை. ஸ்டேஷனில் இருந்த மூன்று நாளை விட்டுவிட்டு அதை எப்படி எழுதுவது என்று தெரியாததால், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.