பெரியவர்களை ஏவாத பின்கள வீரன்

என்னைக் கொடுத்து இன்னோர் ஆளை வாங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் அம்மாவுடன் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஐஸ் ஹொக்கிக் கழக மேலாளர் ரெலிபோனில் சுற்றி வளைக்காமல் சொன்னார். கொப்பன்ஹேகன் பக்கத்துக் கழகம் ஒன்றில் முன்கள வீரர் ஒருவர் மேலதிகமாக இருந்தார். எங்களிடம் பின்கள வீரர்கள் மேலதிகம். அவர் இங்கே வருவார், நான் அங்கே போகவேண்டும். "நல்ல வாய்ப்பு" என்றார். ஆளைக் கைகழுவுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"என்னை மாத்திப்போட்டினம். அங்கையிருந்து ஒருத்தன் வாறான், நான் அங்கை போறன்."

"ஆளுக்கு ஆளோ? நீ என்ன ஆட்டுக்குட்டியே?" அம்மா கையிலிருந்த வெங்காயத்தைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பெடியன் எவ்வளவு உயரமாம்?" என்றார்.

"ஆறடி மூண்டு."

"அப்ப அவைக்குத்தான் நட்டம்."

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் உயரம் நூற்று அறுபத்தேழு சென்ரிமீற்றர். ஐஸ் ஹொக்கியில் பின்கள வீரன் என்றால் கதவளவு இருக்கவேண்டும் என்பது எல்லோருடைய எண்ணமும். கோலுக்கு முன்னால் வந்து நிற்கிற எதிராளியைத் தள்ளி அகற்றுவது அவன் வேலை. நான் கதவின் கைப்பிடி அளவுதான் இருப்பேன். இதை மற்றவர்கள் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆகையால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

புதிய கழகத்துடன் டிசம்பரில் வரும் நத்தார் வரைக்கும்தான் ஒப்பந்தம். அதற்குள் பயிற்றுநருக்கு என்னைப் பிடித்தால் வசந்தகாலம் வரை நீட்டிப்பார். பிடிக்காவிட்டால் அத்தோடு சரி. இருபத்தாறு வயதில், இந்த உயரத்தில், இன்னொரு கழகம் என்னைக் கூப்பிடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வயதிலிருந்து நான் விரும்பிச் செய்த ஒரே வேலை இதுதான். நத்தாரோடு அது முடிந்துவிடலாம்.

கொப்பன்ஹேகனை ஒட்டிய ஹ்விடோவ்ரேயில் சித்தி வீட்டில் ஓர் அறை கிடைத்தது. நாங்கள் விளையாடுவது இரண்டாம் பிரிவு என்பதால் ஆட்டத்தை மட்டும் நம்பி எவரும் வாழமுடியாது. காலையில் நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குப் போனேன். பின்னேரம் பயிற்சி. சித்தி ஒவ்வொரு நாளும் புட்டும் கறியும் கட்டித் தந்து, "சாப்பிடு, வளருவாய்" என்பார். இருபத்தாறு வயதுக்காரனிடம்!

பின்களத்தில் எப்போதும் இரண்டு பேர் சோடியாக நிற்பார்கள். எனக்குச் சோடியாகக் கிடைத்தவர் தச்சுவேலை செய்கிற ஒரு டென்மார்க்காரர். முப்பத்தெட்டு வயது, தாடியில் நரை, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் சறுக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்திலேயே பெரியவர்களின் அணியில் ஆடியவர். முதல் நாள் கை குலுக்கும்போதே மனதுக்குள் அவரை அண்ணை ஆக்கிவிட்டேன். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் பெரியவர்களை ஏவக்கூடாது. "அதை எடுங்கோ, இதைத் தாங்கோ" என்று வயதில் மூத்தவர்களிடம் சொல்லக்கூடாது. கொண்டாட்டத்துக்குப் போன மண்டபத்தில் தண்ணீர்ப் போத்தல் ஒரு மாமாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தாலும், நான் எழும்பி மேசையைச் சுற்றிப்போய் எடுக்கவேண்டும். அம்மா அப்பாவுக்கு டெனிஷில் பதில் சொல்லி வளர்ந்தவன்தான் நான். ஆனால் இந்தப் பழக்கம் மட்டும் எலும்போடு ஊறிவிட்டது. பழைய கழகத்தில் அது தொல்லை தரவில்லை. அங்கே என் சோடி என் வகுப்பில் படித்தவன். அவனை நாய் பேய் என்றுகூடக் கத்துவேன்.

அண்ணையிடம் வாய் வரவில்லை. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு அவர் பக்கம் போனால், "உங்கடை" என்று கத்தி அவரை அனுப்புவதுதான் முறை. நானோ தண்ணீர்ப் போத்தலுக்கு எழும்பியதைப்போல நானே ஓடிப்போய் எடுப்பேன். அவர் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்போம், என் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். எதிரணிக்காரன் அந்த வெறுமையில் வந்து கோல் போடுவான். இப்படி மூன்று ஆட்டங்களில் நடந்தது. பயிற்றுநர் என்னை ஆட்டத்துக்கு வெளியே வாங்கில் இருத்தினார், திரும்ப இறக்கினார், திரும்பவும் இருத்தினார்.

"நீ ஏன் எப்பவும் அவன்ரை இடத்திலை நிக்கிறாய்?" என்று கேட்டார். அவர்கள் டெனிஷில் சொன்னதை எல்லாம் என் வீட்டுத் தமிழில்தான் என்னால் எழுத முடிகிறது.

"உதவி செய்யத்தான்."

"ஆர் கேட்டது உதவி?"

நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஆட்டம். எங்கள் கோலுக்குப் பின்னாலுள்ள மூலைக்குப் பக் போனது. அண்ணை அதை எடுக்கப் போனார். மூலைக்குப் போகிறவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகவேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்வது சோடியின் கடமை. அவர் போகும்போது ஒருதரம் தோளுக்கு மேலால் திரும்பி என்னைப் பார்த்தார். எதிரணியின் பெரிய ஆள் ஒருவன் முழு வேகத்தில் வருவதைக் கண்டேன். "ஆள்!" என்ற ஒரு சொல் போதும். என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பனித்தரையைச் சுற்றியுள்ள பலகைச் சுவரோடு அவர் நசுங்கிய சத்தம்தான் கேட்டது.

விலாவில் பலத்த அடி. முறிவு இல்லை, ஆனால் மூன்று வாரம் ஆடமுடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். உடைமாற்றும் அறையில் அவர் ஐஸ் பையை விலாவில் அழுத்திக்கொண்டு இருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"அவன் வந்ததைக் கண்டனியோ?"

"ஓம்."

"பிறகேன் சொல்லேல்லை?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்கள் என்னைவிட மூத்தனீங்கள். நாங்கள் பெரிய ஆக்களுக்குக் கட்டளை போடுறேல்லை" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரித்தால் விலா வலித்தது.

"எனக்கு முப்பத்தெட்டுத்தான். நாப்பது வரைக்குமாவது உயிரோடை இருக்க விடு" என்றார்.

பஸ்ஸில் சித்தி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே ஆத்திரம். பாவம், அம்மா அப்பாமேலும் ஆத்திரம். மரியாதை மரியாதை என்று நீங்கள் ஊட்டி வளர்த்ததில், கடைசியில் ஒரு மனிதனின் விலாவை உடைக்கப் பார்த்தேனே என்று மனதுக்குள் அவர்களோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனேன். நான் பார்க்கிற ஒரு முதியவருக்குத் தொண்ணூறு வயது, காதும் மந்தம். அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றவேண்டும். "வலது கை! பிடியுங்கோ! இன்னும் இருக்காதேங்கோ! திரும்புங்கோ! இப்ப இருங்கோ!" என்று வழக்கம்போலச் சத்தமாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் செய்து, நாற்காலியில் இருந்து மூச்சு விட்டார். "பட்டாளத்திலைகூட என்னை இப்படி ஏவேல்லை" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பாவின் அப்பா வயதுள்ள மனிதரை இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் ஏவிக்கொண்டிருக்கிறேன்! ஒரு நாள்கூட மரியாதைக் குறைவாக எனக்குத் தோன்றவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் விழுந்துவிடுவார். அண்ணை விழுந்ததும் அப்படித்தான்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தார். "கொண்டாட்டத்திலை மாமாவைத் தண்ணி எடுத்துத் தரச்சொல்லாதை எண்டுதான் சொன்னனான். ஆள் கிணத்துக்கை விழப் போகேக்கையும் வாயைப் பொத்திக்கொண்டு நில் எண்டு ஆர் உனக்குச் சொன்னது, விசரா?"

அதற்குப் பிறகு கத்தப் பழகினேன். அண்ணை விலாவில் கட்டுடன் பயிற்சி பார்க்க வந்து பலகைச் சுவருக்கு வெளியே நின்றார். மற்றவர்களுக்கு நான் கத்துவதைக் கேட்டுவிட்டு, "இப்ப எனக்குக் கத்து" என்றார். முதல் தடவை "மன்னிக்கோணும், இடது" என்று வந்தது. எல்லோரும் மட்டையால் பனித்தரையைத் தட்டிச் சிரித்தார்கள். பத்தாவது தடவை கூரை அதிர்ந்தது.

கத்தத் தொடங்கிய பிறகுதான் இன்னொன்று எனக்கே தெரியவந்தது. நான் நிறையப் பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்து எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள். ஒருவன் வந்து மோதினால் நான் பறந்துவிடுவேன். ஆகையால் யார் எங்கிருந்து வருகிறான் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு மூச்சு விடுவதைப்போல ஆகிவிட்டது. அடிக்குத் தப்புவதற்கு மட்டும் வைத்திருந்த கண்ணை இப்போது மற்றவர்களுக்கும் கொடுத்தேன். எங்களில் ஒருவன் தண்டனை வாங்கி வெளியே போய், ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர் நிற்கிற நேரங்களில் பயிற்றுநர் என்னை இறக்கத் தொடங்கினார். தொடர்ந்து இரண்டு ஆட்டங்களில் அந்த நேரங்களில் எங்களுக்கு எதிராகக் கோல் விழவில்லை. அவர் பாராட்டவில்லை. என்னை வாங்கில் இருத்துவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நத்தாருக்கு முந்திய கடைசி ஆட்டத்துக்கு அண்ணை திரும்பி வந்தார். விலாவில் இன்னும் பட்டி சுற்றியிருந்தது. முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே பக் எங்கள் மூலைக்குப் போனது. அவர் திரும்பிப் போனார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். "ஆள்! இரண்டு! இடது!" என்று கத்தினேன். அவர் பார்க்காமலே இடப்பக்கம் தட்டிவிட்டார். பக் நேராக என் மட்டைக்கு வந்தது. வந்த இரண்டு பேரும் வெறும் பலகையில் மோதினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடதாசி இருந்தது. நான் கதவில் சாய்ந்துகொண்டேன். உன் இடத்துக்கு உயரமான ஒருவன் கிடைக்கிறான், ஆறடிக்கு மேல், என்று அவர் தொடங்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

"உன்ரை சோடியிட்டைக் கேட்டனான், ஆர் வேணும் எண்டு" என்றார். "சின்னவன் நிண்டால் நான் திரும்பிப் பாக்காமல் மூலைக்குப் போவன், மற்றவன் நிண்டால் போகமாட்டன், எனக்குப் பிள்ளையள் இருக்கு எண்டு சொன்னவன்." கடதாசியை என் பக்கம் தள்ளினார். வசந்தகாலம் வரைக்கும்.

கையெழுத்து வைத்தேனா, கிறுக்கினேனா தெரியாது. வெளியே வரும்போது கண் நிறைந்துவிட்டது. நான் நசுங்கவிட்ட மனிதர், எனக்காகப் பேசியிருக்கிறார். என்னை அனுப்பிவிட்ட பழைய கழகத்துக்குக்கூட அந்த நேரம் நன்றி சொல்லத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. அவர்கள் என்னை வைத்திருந்தால் எனக்கு ஒரு குரல் இருக்கிறது என்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணை மட்டும் ஈர ஜேர்சியோடு இருந்தார். விலா வலியில் அதைத் தலைக்கு மேலால் கழற்ற முடியவில்லை. உதவி கேட்கவும் அவருக்கு வெட்கம். நன்றி சொல்ல வந்தவன் அவர் முன்னால் போய் நின்றேன்.

"கையைத் தூக்குங்கோ" என்றேன்.

தூக்கினார்.