படிக்காமல் விட்ட பதினெட்டாம் விதி

கருப்பண்ணன் நாச்சிமுத்து, 1914 – 1974. பிறந்தது ஊத்துக்குளிக்கு அருகில். படிப்பு எட்டாம் வகுப்பு. வேலை, திருப்பூர் பல்லடம் சாலையில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் டைம்கீப்பர். இருபத்திரண்டு ஆண்டுகள் அவ்வேலையைப் பார்த்தார். அவர் எழுதிய வருகைப் பதிவேடுகளில் அடித்தல் திருத்தல் கிடையாது. ஸ்டோர் பொறுப்பில் இருந்த நான் பதினேழு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவரைப் பற்றி யாரேனும் எழுதினால் பல் திட்ட விவகாரத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எனவே அதையே எழுதுகிறேன்.

நாச்சிமுத்துவை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர் தோள் துண்டு. பேசத் தொடங்கியதும் அதன் முனை வாய்க்கு வந்துவிடும். புகையிலைப் பழக்கத்தால் ஈறு கெட்டு, ஐம்பது வயதுக்குள் மேல்வரிசையில் மூன்று பற்களே மிஞ்சியிருந்தன. சிரிக்க நேர்ந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

கம்பெனியில் பல்லால் துன்பப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். தைத்து வரும் பனியன்களில் தொங்கும் பிசிர்நூலை நீக்கப் பதினாறு பெண்கள் இருந்தார்கள். நால்வருக்கு ஒரு கத்தரி; அது மேஜைக்காலில் கட்டப்பட்டிருக்கும். அது கைக்கு வரும்வரை காத்திருந்தால் பீஸ் எண்ணிக்கையும் அதற்கான கூலியும் குறையும். ஆகவே நூலைப் பல்லால் கடித்தே அறுப்பார்கள். நாலைந்து ஆண்டுகளில் முன்பல்லின் விளிம்பில் நூல் அகலத்துக்கு ஒரு வெட்டு விழும். நாளடைவில் அது பள்ளமாகிச் சொத்தையாகும். யார் எத்தனை வருடம் வேலை பார்த்தவர் என்பதைச் சிரிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1967இல் தொழிலாளர் நலக் குழு, ஆளுக்கு வருடச் சந்தா செலுத்திப் பல் வைத்தியம் பெற ஓர் ஏற்பாடு செய்ய முனைந்தது. இரண்டு பல் டாக்டர்கள் திட்டம் அனுப்பினார்கள். உள்ளூர் டாக்டருடையது பொதுத் திட்டம்: பல் பிடுங்குதல், சுத்தம் செய்தல், சொத்தை அடைத்தல் ஆகியவை சேர்ந்த நாளிலிருந்தே உண்டு; பல் செட் கிடையாது. கோயமுத்தூர் டாக்டருடையது முழுத் திட்டம்: மேற்கண்ட அனைத்தோடு, ஒரு வரிசையில் பாதிக்கு மேல் பல் இழந்தவர்களுக்குப் பல் செட்டும் உண்டு. சந்தா இரண்டுக்கும் ஒன்றே. இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு, ஆங்கிலம் தெரிந்தவர் என்பதால், நாச்சிமுத்துவிடம் வந்தது.

அவர் மூன்று நாட்கள் உழைத்தார். முழுக் காகிதத்தில் கோடு போட்டு, பதினெட்டு விதிகளை வரிசையாக எழுதி, எதிரெதிரே இரு திட்டங்களையும் நிரப்பினார். பதினெட்டாவது, காத்திருக்கும் காலம் பற்றியது. முழுத் திட்டத்தில் சொத்தை அடைக்க, சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். பல் செட்டுக்கும் பல் பிடுங்கவும் காத்திருப்பு இல்லை.

மே 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அறுபத்தொரு பேர் முன்னிலையில் அவர் அதை வாசித்தார். பதினேழு விதிகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு காகிதத்தை மடித்தார்.

"ஆகவே முழுத் திட்டமே உசத்திங்க" என்றார்.

"நீங்க பாத்துச் சொன்னாச் செரிதானுங்க" என்றார் காவலாளி ஆத்தப்பன். எல்லாரும் கை தூக்கினார்கள். காகிதத்தின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்ததைப் பக்கத்தில் இருந்த நானும் பார்த்தேன். முக்கியமில்லாத வரி என்று எண்ணிக்கொண்டேன்.

அறுபத்தொரு பேரில் பல் செட்டுக்குத் தகுதி உடையவர்கள் இருவர்: ஆத்தப்பன் ஒருவர், நாச்சிமுத்து ஒருவர். ஆத்தப்பன், "கறியைக் கொழைய வேக வெச்சுத் திங்கறதே சொகமுங்க" என்று சொல்லி மறுத்துவிட்டார். நாச்சிமுத்து ஜூன் மாதத்தில் நான்கு முறை பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய்வந்தார். ஜூலை முதல் வாரம் புதுப் பல்லோடு வேலைக்கு வந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. அவ்வாரம் அவர் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்தார்.

ஆகஸ்டில் ஒரு நாள் பொன்னாத்தாள் அவர் மேஜைக்கு வந்தார். பிசிர் மேஜையில் பதினோரு வருடம் இருந்தவர். வயது முப்பத்து நான்கு. கன்னம் வீங்கியிருந்தது.

"ஏனுங்கண்ணா, முன்னாடிப் பல்லு ரெண்டு நாளாத் தெறிக்குதுங்க. டாக்டரு, இப்ப அடைச்சாப் பல்லு தங்கும்ங்கறாரு. ஆனா திட்டத்துல அடைக்கறதுக்கு அடுத்த மே மாசந்தான் வரோணுமாமா. நீங்க படிச்சப்ப அப்பிடி ஏதுஞ் சொல்லலீங்களே?"

நாச்சிமுத்து தலை நிமிரவில்லை. "நோட்டீஸ் பலகையில ஒட்டியிருக்குது அம்மிணி. பதினெட்டாவது."

பொன்னாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. அது நாச்சிமுத்துவுக்குத் தெரியும். மாதந்தோறும் சம்பளப் பதிவேட்டில் அவர்தான் பொன்னாத்தாளிடம் கைநாட்டு வாங்குவார்.

"அப்பிடீங்களா. நாந்தான் கவனிக்காம உட்டுட்டனாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிப் பொன்னாத்தாள் போய்விட்டார்.

காசு கொடுத்துப் பல்லை அடைத்துக்கொள்ள அவருக்கு வசதியில்லை. மறுநாள், காத்திருப்பு இல்லாத வைத்தியத்தைச் செய்துகொண்டார்: பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். நான்காம் நாள் வேலைக்கு வந்தவர், நாச்சிமுத்துவிடம் வருகை டோக்கன் வாங்கும்போது சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"பல்லு போச்சுங்களா?" என்று இவர் கேட்டார்.

"போச்சுங்க. நூலு இப்பத் தானா அந்தச் சந்துல போயி நிக்குது. கடிக்கத்தான் முடியறதில்லீங்க" என்று முந்தானைக்குள்ளேயே சிரித்தார். "உங்குளுக்குப் பல்லு நல்லா அமைஞ்சிருக்குதுங்கண்ணா."

அந்த முந்தானையை நாச்சிமுத்துவால் பார்க்க முடியவில்லை என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். பதினைந்து வருடம் தம் வாயில் இருந்த துண்டைத் தாமே எடுத்து அந்தப் பெண் வாயில் வைத்ததுபோல் இருந்ததாம். அன்று மதியம் பல் செட்டைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தார். மறுபடி துண்டு வாய்க்கு ஏறியது. டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். வேறு எந்த வாய்க்கும் பொருந்தாத பொருளை யார் திரும்ப வாங்குவார்கள்? பொன்னாத்தாளிடம் உண்மையைச் சொல்லப் பலமுறை பிசிர் மேஜைவரை போனார். ஒவ்வொரு முறையும் கத்தரியைச் சரிபார்ப்பவர்போல் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒன்பது மாதம் அப்படியே கழிந்தது.

1968 மே 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திட்டத்தைப் புதுப்பிக்கும் கூட்டம். நாச்சிமுத்து அதே காகிதத்தோடு எழுந்தார். பல் செட் சட்டைப்பையில் இருந்தது. துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, பதினெட்டாம் விதியை முதலில் வாசித்தார். காற்றுதான் அதிகமாக வந்தது.

"என்னங்க டைம்கீப்பரே, வாய்க்குள்ள கொழுக்கட்டையா?" என்று ஆத்தப்பன் கத்தினார். கூட்டம் சிரித்தது.

நாச்சிமுத்து சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "போன வருசம் இதைப் படிக்காம மடிச்சன். மறந்து மடிக்கலீங்க. எனக்குப் பல்லு செட்டு வேணும்னுதான் மடிச்சன்."

இதில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி போதுமானதாக இருந்தது. பின்வரிசையிலிருந்து பொன்னாத்தாள் எழுந்தார். முந்தானை தோளில் இருந்தது.

"பல்லைப் போட்டுக்கிட்டுப் படிங்க."

"வேண்டாம் அம்மிணி."

"போடுங்கறன். அந்தப் பதினெட்டாவதுக்கு நான் பல்லு குடுத்திருக்கறன். எனக்கு அது முழுசாக் கேக்கோணும்."

நாச்சிமுத்து அத்தனை பேருக்கும் முன்னால் சட்டைப்பையிலிருந்து பல் செட்டை எடுத்து மாட்டினார். இரண்டு முறை நழுவியது; யாரும் சிரிக்கவில்லை. விதியை முழுவதும் வாசித்தார். இனிப் புதிதாகச் சேர்கிறவர்களும் காத்திருக்கக் கூடாது என்று கூட்டம் பொதுத் திட்டத்துக்கு மாறியது. பிசிர் மேஜையில் ஆளுக்கொரு கத்தரி வேண்டும் என்று பொன்னாத்தாள் அன்றே கேட்டார். அது வந்து சேர இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

அதன்பின் ஆண்டுதோறும் மே முதல் ஞாயிறன்று நாச்சிமுத்துவே விதிகளை வாசித்தார். கடைசி விதியிலிருந்து தொடங்கி முதல் விதியில் முடிப்பார். பொன்னாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து விரல் மடக்கி எண்ணுவார். பதினெட்டும் வந்ததும் தலையசைப்பார். அதன் பிறகுதான் இவர் உட்காருவார். மன்னித்தேன் என்று பொன்னாத்தாள் சொன்னதாக எனக்குத் தெரியாது. இவரும் கேட்கவில்லை.

ஓய்வு பெற்றபின், காய்ச்சலோடு ஒரு மாட்டுவண்டியில் வந்து, அவர் அவ்விதிகளைக் கடைசியாக வாசித்தது 1974 மே 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.