இடது மட்கார்டு

மரக்காணம் உப்பளத்தில் நான் மெக்கானிக். தன் கறுப்பு அம்பாசிடரைப் போலவே சின்னதாக ஒன்று செய்து தரச் சொன்னார் முதலாளி. மண்ணெண்ணெய் டின்னில் உடம்பும், ரப்பர் செருப்பில் சக்கரமும், சட்டைப் பொத்தானில் முன்விளக்கும் செய்தேன். நிஜக் காரின் இடது மட்கார்டில் ஓர் ஒடுக்கு இருந்தது. வேண்டுமென்றே அதையும் வைத்தேன்.

எங்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்யும் அஞ்சலையின் புருஷன் உப்பு வாரிவிட்டு வரும்போது, அவனை முதலாளி மோதிக் கொன்றது அந்தக் காரில்தான். கேஸில் யாரோ லாரிக்காரன் என்று எழுதியாயிற்று.

கூலி நாளில் எல்லோர் முன்னாலும் பொம்மையை நீட்டினேன். முதலாளி மட்கார்டை விரலால் தடவினார்.

"ஏம்பா, என் வண்டியில இந்த மாதிரி எதுவும் இல்லியே. நிமித்திடு."

வரிசையில் அஞ்சலை நின்றிருந்தாள். என் தைரியம் அவ்வளவுதான். சுத்தியலை எடுத்துத் தட்டினேன். நிமிர்ந்துவிட்டது.

"இப்ப சரி. அஞ்சலைகிட்ட குடு. அப்பன் இல்லாத புள்ளைங்க, வெளையாடட்டும்."

கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முதலாளியைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒடுக்கு இருந்த எடமே தெரியலண்ணே. நல்ல வேலை."

இன்றும் யாராவது என் வேலையைப் பாராட்டினால் சுள்ளென்று கோபம் வருகிறது. யார்மேல் என்பதும் எனக்குத் தெரியும்.