கதவில் இருக்கும் பெயர்

சாவியைத் திருகுவதற்கு முன் நஞ்சுண்டன் ஃபோனை எடுத்துவிடுகிறார். "ஷ்ரேயாம்மா, நான் இப்ப டிஸ்பாட்ச்ல இருக்கேனுங்களா?" கம்பெனி ஆபீசில் லாரிகளுக்கு லோடு ஒதுக்கும் பெண் அவள். ஹூஸ்டனிலேயே பிறந்தவள். "யெஸ் அங்கிள், யூ ஆர்" என்கிறாள். யார்டுக்குள் வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்துவதானாலும் இதே கேள்விதான். மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்கள். ஆறு வாரமாக இப்படி.

சத்தியமங்கலத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு. பதினெட்டு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங். வேலை போனதும் லாரி லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய வண்டியும் வாங்கினார். பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு டயரையும் மூன்று முறை உதைத்துப் பார்ப்பார். மூன்றாவதில்தான் தெரியுமாம். இவ்வளவு சோதிக்கிற மனிதர், லீஸ் ஒப்பந்தத்தை மட்டும் படிக்கவில்லை.

வண்டி அவருடையது. கதவில் எழுதியிருக்கும் பெயர், அவர் வண்டியை லீசுக்கு விட்டு ஓட்டும் கம்பெனியுடையது. டிஸ்பாட்சில், அதாவது கம்பெனி அனுப்பிய லோடு வேலையில், இடித்தால் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். சொந்த வேலையாக ஓட்டுவதற்கு அவரே தனியாக ஒன்று எடுத்திருக்க வேண்டும். "கதவுல அவங்க பேரு இருக்குதுங்களே, அப்பறம் நமக்கெதுக்குங்க தனியா?" என்று விட்டுவிட்டார்.

வண்டி வாங்கிவிட்டுப் பூஜை போடாமல் இருக்க நம்மவர்களால் முடியுமா? ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு முன்வண்டியைக் கோயிலுக்கு ஓட்டிப் போனார். சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பக்கக் கண்ணாடியில் சாமந்தி மாலை. பழங்களை நசுக்கிவிட்டுப் பின்னே வந்தபோது மாலை கண்ணாடியை மறைத்தது. நின்றிருந்த காரின் கதவு உள்ளே போயிற்று. காருக்குள், கோயிலுக்கு வழக்கமாக வரும் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி இருந்தார். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

அன்று மாலை நஞ்சுண்டனுக்கு ஒரு லோடு இருந்தது. "அதை எடுக்கப் போற வழியில பாத்ரூமுக்காகக் கோயில்ல நிறுத்தினேன்னு எழுதுங்க சார்" என்று சொன்னவன் நான்தான். அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஃபாரம் நிரப்பித் தருகிற மேதாவி. அவரும் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் அப்படியே எழுதினார். பம்பரில் என்ன சிவப்பு என்று இன்ஷூரன்ஸ்காரி கேட்டதற்கு, துரு என்றார்.

"குங்குமத்தப் போயி துருன்னு சொல்லிப்போட்டனுங்க" என்று இதுவரை என்னிடம் இருபது முறையாவது சொல்லியிருப்பார். எனக்கும் உடம்பு கூசுகிறது.

போன வாரம் இருவரும் ஆன்ட்டி வீட்டுக்குப் போனோம். பூஜையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று கேட்கத்தான். அவருடைய வலது கை கழுத்தில் மாட்டிய தூளியில் இருந்தது. இடது கையால் ஒவ்வொரு டம்ளராகக் காபி கொண்டுவந்து வைத்தார். "நான் பூஜையைப் பாத்துண்டுதானேப்பா உக்காந்திருந்தேன். உங்க வண்டி நன்னா ஓடணும்னு வேண்டிண்டும் இருந்தேன். வேற என்னன்னு சொல்லட்டும்?" குரலில் கோபமே இல்லை. நஞ்சுண்டன் காபியைத் தொடவில்லை. அதன்பின் கோயில் பக்கமும் போகவில்லை.

நேற்று, வாக்குமூலத்தைப் பதிவு செய்ய இன்ஷூரன்ஸிலிருந்து ஃபோன் வந்தது. உண்மையைச் சொன்னால் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் விலகிக்கொள்ளும். ஆன்ட்டியின் ஆஸ்பத்திரிச் செலவு இவர் தலையில் விழும். வண்டியை விற்றாக வேண்டும். கேபினில் பக்கத்துச் சீட்டில் நான் இருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் கிடந்தது.

அன்று காலை எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று இன்ஷூரன்ஸ்காரி கேட்டாள். லோடு என்று சொல்லச் சொல்லி நான் வாயசைத்தேன்.

நஞ்சுண்டன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, இரண்டு ஷூக்களையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு ஃபோன் பக்கம் திரும்பி, "டெம்பிள், மேடம்" என்றார்.