எஃபியின் வகுப்புக்கு வந்த பூட்டு

எஃபி லமாண்ட்டுக்கு வாய் நீளம் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். கிளாஸ்கோவில், கோவன் பகுதிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் பின்னால், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் எங்கள் வகுப்பை அவள்தான் நடத்தினாள். நான் அயல்நாட்டு உறவு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவன்.

ஆறு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டுச் சேர்ந்து, அவரவர் ஊர் எப்படிப் படிக்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். அதில் ஒரு வழக்கம் உண்டு. அறிக்கையை விருந்தாளிதான் எழுதுவார். அதில் ஒரு சொல்லைக்கூட வீட்டுக்காரர் தொடக் கூடாது. அதனாலேயே விருந்தாளி வருமுன் எல்லா ஊரிலும் அவசர அவசரமாகச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்.

இந்த முறை எங்கள் ஊர். எஃபியின் வகுப்பை மாதக் கடைசியில் மூடுவதென்று மேலிடம் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. ஆனாலும் அதையே விருந்தினருக்குக் காட்ட, என் மேலதிகாரி கிரெய்க் ஹெண்ட்ரி வண்ணப் பலகைகளோடு அங்கே போய் நின்றார்.

"ஒரு நாள்தானே எஃபி. சிரிச்ச முகமா இருங்க. மூடற பேச்சை மட்டும் எடுக்காதீங்க."

"எழவு வீட்டுக்குத் தோரணம் கட்டச் சொல்றீங்களா? வெல்டர் ராப் இந்த வயசுல இப்பதான் பஸ் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அவர் எங்க போவார்?"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்."

அப்புறமாம்! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

விருந்தினர் வந்தார்கள். கிரெய்க் வரவழைத்த சால்மன் மீன் சாண்ட்விச் தட்டு ஓரமாகக் கிடந்தது. ராப் வழக்கம்போல் சதுர சாசேஜ் இறைச்சி வைத்த ரொட்டி வாங்கிவந்து எல்லாருக்கும் நீட்டினார். தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து வந்த பேராசிரியர் ரெஹேமா, "அடுத்த வருஷம் இங்க என்ன புதுசா சொல்லித்தரப் போறீங்க?" என்று கேட்டார்.

கிரெய்க் வாயைத் திறப்பதற்குள் எஃபி முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. மாசக் கடைசியில பூட்டறாங்க."

"என்னது?" என்றார் ரெஹேமா. "முன்னாடி வந்தப்ப இதைப் பாத்துட்டுப் போய்தானே எங்க ஊர்ல பதினோரு இடத்துல ஆரம்பிச்சோம்! தாயைக் கொன்னுட்டுப் பிள்ளைங்களைக் காட்டிப் பெருமை பேசுவீங்களா?"

கிரெய்க் அவசரமாகச் சால்மன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். விருந்தினர் வண்டி ஏறியதும் எஃபியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "உங்க வேலை போயிடும், தெரியுமா?"

"போனா போகட்டும். வந்தவங்ககிட்ட என்னால பொய் சொல்ல முடியாது."

ரெஹேமாவின் அறிக்கை அந்தக் கேள்வியோடு அப்படியே வந்தது. ஆறு நாட்டுக்கும் போனது. ஆனாலும் மாதக் கடைசியில் கிரெய்க் பூட்டோடு கிளம்பினார், கூட நானும். உள்ளே ராப் அந்த அறிக்கையில் விரலை வைத்து, உரக்க, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் தலை நிமிரவில்லை.

"உக்காருங்க கிரெய்க்," என்றாள் எஃபி. "இன்னும் நாலு பக்கம் இருக்கு. அவர் முடிக்கட்டும், அப்புறம் பூட்டுங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். கிரெய்க் உட்காரவில்லை. பூட்டை மேசையில் வைத்துவிட்டு, மேலிடத்துக்குப் போன் பேச வெளியே போனார். பூட்டை எடுக்க அவர் திரும்பி வரவே இல்லை. ஆற்றுக் காற்றில் ராப்பின் காகிதங்கள் பறக்காமலிருக்க இன்றும் வகுப்பில் அந்தப் பூட்டைத்தான் வைக்கிறோம்.