மைனரின் ரேடியம் வாட்ச்

அதற்காக நான் இன்று வரை வருத்தப்பட்டதில்லை. வருத்தப்படச் சொல்கிறவர்கள் என் இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோவதற்குச் சில வருடங்கள் முன்பு. இயற்பியலில் முதுகலை முடித்து ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். பாம்பன் முதல் தனுஷ்கோடி வரை கடற்கரை மணலில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று அளக்கும் வேலை. கூட ஒரு சீனியர். எங்கள் ஊர்ப் பண்ணையார் மகன். ஊரில் மைனர் என்பார்கள். என் அய்யா அவர்கள் வயலில் கூலிக்குப் போனவர்.

மணல் தோண்டுவது, சலிப்பது, பேட்டரியைத் தலையில் சுமப்பது, கருவியின் ‘டிக் டிக்’ ஒலியை எண்ணி நோட்டில் எழுதுவது எல்லாம் நான். மைனர் செய்தது ஒன்றே ஒன்று. அளக்கும் குழாயை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதே கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்து “ஆரம்பி”, “நிறுத்து” என்பார். கொழும்பிலிருந்து கப்பலில் வந்த வாட்ச். என்னிடம் வாட்ச் ஏது?

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பாம்பனில் வெயில் தாங்காமல் கடலில் இறங்கினார்.

“ஏலே, வாட்ச்சப் பத்திரமா வச்சுக்க. நீ பாட்டுக்கு அளந்துக்கிட்டு இரு.”

மணல் படக் கூடாதே என்று, கரையேற்றிக் கிடந்த வள்ளத்தின் விளிம்பில் அதை மாட்டினேன். நாலு முழம் தள்ளி உட்கார்ந்து, அதைப் பார்த்தபடியே அளந்தேன். எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது! கருவி கெட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். பிறகு ஏதோ தோன்ற, வாட்ச்சைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோனேன். சடசடவென்று பொரிந்தது. இருட்டில் மணி தெரிய எண்களில் பூசியிருந்த ரேடியத்தின் கதிர்வீச்சு. இரண்டு மாதமாக மைனரின் மணிக்கட்டைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறோம்.

நோட்டு முழுக்கப் பாழ். இதை எப்படிச் சொல்வது என்று அன்று திரும்பும் ரயிலில் தவித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

“அந்த அளவையெல்லாம் என் ஆய்வேட்டுல சேத்துட்டேன்லே. நம்ம கைடு சாரும் சரின்னுட்டாரு. நீ வேற எதையாச்சும் எடுத்துப் பண்ணிக்க.”

“என் பேரு?”

“ஒனக்கு எதுக்குலே பேரு? ஒங்கய்யா எங்க வயல்ல நாத்துப் பறிக்கிறாரு. நீ இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு.”

அப்படியா சங்கதி, இரு மகனே, என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு வாயை மூடினேன். மூன்று மாதம் திறக்கவில்லை. டைப் அடித்து வந்த ஆய்வேட்டைப் பிழை பார்க்க என்னிடம்தான் கொடுத்தார். எழுத்துப் பிழைகளை மட்டும் ஒன்று விடாமல் திருத்தினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எல்லார் முன்னாலும் மணலை அளந்து காட்டச் சொன்னார். மைனர் வழக்கம்போல இடது கையில் குழாயைப் பிடித்தார். கருவி பொரிந்தது. எங்கள் சார் பூரித்துப்போனார்.

நான் பவ்யமாக எழுந்தேன். “சார், அண்ணன் வாட்ச்சக் கழட்டி வச்சிட்டு ஒருவாட்டி அளக்கட்டும்.”

கழற்றினார். சத்தம் அடங்கிவிட்டது. வந்தவர் வாட்ச்சை வாங்கிக் குழாயருகே பிடித்துப் பார்த்தார். பிறகு ஆய்வேட்டை மூடி, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். அடேயப்பா, அன்று எனக்கு இருந்த குளிர்ச்சி!

வராந்தாவில் மைனர் என் சட்டையைப் பிடித்தார். “ஒனக்கு எப்பலே தெரியும்?”

“பாம்பன்ல நீங்க குளிச்ச அன்னைக்கே.”

“அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“சொல்லத்தான் ரயில்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள, ஒனக்கு எதுக்குலே பேருன்னு கேட்டுட்டீங்கண்ணே.”